எண்ணெய்க்குப் பயந்தவர்கள்

எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் பங்குச் சுவாமியார் வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில், கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கும் வயோதிபருக்கும் அவர் வீடு வீடாக நற்கருணை கொண்டுவருவார். அன்றைக்கு யாரும் பதறுவதில்லை. வேறொரு நாளில் அவர் அந்தச் சின்னக் கறுத்தப் பையோடு வந்தால்தான் கதவுகள் திறக்கும். பெண்கள் ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வருவார்கள். "ஆருக்காம்?" என்ற கேள்வி ஒழுங்கையின் அந்தம் வரைக்கும் போய்விடும். பைக்குள் எண்ணெய் இருக்கிறது என்பது கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கெல்லாம் தெரியும்.

அதற்கு இப்போது நோயில் பூசுதல் என்று பெயர். நான் சிறுமியாக இருந்தபோது அவஸ்தைப் பூசுதல் என்றார்கள். உயிர் போகப்போகிறவருக்குக் கடைசியாகக் கொடுப்பது அது. பெயரை மாற்றிப் பல காலமாகிவிட்டது. நோயாளிக்குத் தெம்பு கொடுக்கத்தான் பூசுகிறோம், சாவை அழைக்க அல்ல என்று பிரசங்கத்தில் சொல்லிச் சொல்லியே சுவாமிமார் களைத்துவிட்டார்கள். நாங்களும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "சுகமில்லைதான், ஆனா சுவாமியைக் கூப்பிடுற அளவுக்கு ஒண்டுமில்லை" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வோம்.

இந்தப் பயம் என் கணவருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. அவர் துறைமுகத்தில் கப்பல் சாமான்களைச் சரிபார்க்கும் கிளார்க்காக வேலை செய்து ஓய்வு பெற்றவர். தலைக்கு மேலே கிரேனில் பாரம் ஆடும்போது கீழே நின்று எழுதிக்கொண்டிருந்த மனிதர். எண்பத்து மூன்றாம் ஆண்டு, தமிழரைத் தாக்கிய கலவர நாட்களில் எங்களைக் கோயில் மண்டபத்தில் இருத்திவிட்டு, வீட்டுக்குப் போய்க் குழந்தையின் பால்மாவை எடுத்து வந்தவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு சின்னச் சீசாவில் இருக்கிற ஒலிவ் எண்ணெய் என்றால் பயம்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுத் திரும்பியது, ஆனால் நாக்குத் தடித்தவர் போல இரண்டு மூன்று சொல்லாகத்தான் வரும். அன்றிலிருந்து முன்னறையில் அவருடைய கட்டில், பக்கத்தில் என்னுடைய கட்டில். விடிந்ததும் அவரைப் புரட்ட வேண்டும், துடைக்க வேண்டும், பெம்பஸ் மாற்ற வேண்டும், கதிரையில் இருத்த வேண்டும், கஞ்சியைக் கரண்டியால் ஊட்ட வேண்டும். பிறகு மத்தியானம் வரும். மத்தியானம் போய்ப் பின்னேரம் வரும். எனக்கு எழுபத்து மூன்று வயது. ஒருகொடவத்தையில் ஒரு சரக்குக் கம்பனியில் டைப்பிஸ்டாக இருந்து முதுகு வளைந்தவள் நான். மிச்சமிருந்த முதுகு இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போனது.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே விதமாகத்தான் பேசுவார்கள். "இது உங்கட சிலுவை அக்கா, பொறுமையாச் சுமந்தா ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்." சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிப்பார்கள், பிஸ்கட் சாப்பிடுவார்கள், தமது முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுவார்கள், போய்விடுவார்கள். ஒருவரும் சிலுவையின் மற்ற முனையைப் பிடித்து அவரைப் புரட்டித் தந்ததில்லை. எனக்கு வாய் துடிக்கும். கோப்பைகளைக் கழுவும்போது சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

இளம் வயதில் நானும் அப்படித்தான் பேசினேன், அதை மறைக்க முடியாது. செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் என்றால் வேலை விட்டதும் ஓடுவேன். கையில் மெழுகுதிரி, மனதில் ஒரு விண்ணப்பம். இவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது, மகள் பாஸ் பண்ண வேண்டும். கிடைத்தால் நன்றி, கிடைக்காவிட்டால் கோபம். மகளுக்குப் பிறகு வந்த பிள்ளை வயிற்றிலேயே போனபோது கனகாலம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஆண்டவர் தம் பக்கத்து வாக்கைக் காப்பாற்றவில்லை என்பது போல இருந்தது என் எண்ணம்.

கலவரத்தில் எங்கள் வீடு தப்பியது. அடுத்த ஒழுங்கையில் ஒரு வீடு எரிந்தது. ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார் என்று ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். எரிந்த வீட்டுக்காரி எனக்குப் பின்னால் இருந்த வாங்கிலில் உட்கார்ந்திருந்தாள். அதே நவநாளில் எனக்குப் பக்கத்தில் நின்று மெழுகுதிரி கொளுத்தியவள்தான். அவள் அன்று என்ன நினைத்திருப்பாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. இப்போது உறைக்கிறது. இப்போதெல்லாம் எனக்கு ஏன் இது, அவர்களுக்கு ஏன் அது என்று நான் ஆண்டவரிடம் கேட்பதில்லை. பதில் கிடைத்துவிட்டது என்பதற்காக அல்ல. கேள்வி கேட்கவும் ஒரு தெம்பு வேண்டும். இரவு செபமாலையைக் கையில் எடுத்தால் இரண்டாவது மணியில் நித்திரையாகிவிடுகிறேன். காலையில் கட்டிலில் இருந்து எழும்பும்போது, "இண்டைக்குப் பக்கத்தில நில்லும்" என்று மட்டும் சொல்லுவேன். முன்பு பக்கம் பக்கமாகப் பேசியவள், இப்போது அவ்வளவுதான். அதற்காக ஆண்டவர் கோபிப்பதாகவும் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் இவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பாதி ஆளாகத்தான் வந்தார். கன்னம் உள்ளே போய்விட்டது. கஞ்சியைக்கூட வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்து இருப்பார். அப்போதுதான் எனக்கு எண்ணம் வந்தது, சுவாமியாரைக் கொண்டு பூசுவிக்க வேண்டும் என்று.

மகளுக்கு ஃபோனில் சொன்னேன். அவள் வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டின் ஐந்தாம் மாடியில் இருக்கிறாள். வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டோ பிடித்து வந்து ஒரு நாள் முழுக்க எனக்கு உதவி செய்வாள்.

"அப்பாவுக்கு அது தெரிஞ்சா பயந்திடுவார் அம்மா," என்றாள்.

"பயப்பிட என்ன இருக்கு? தெம்புக்குத்தானே பூசுறது."

"அது சரி. உங்களுக்கு ஏன் இப்ப திடீரெண்டு?"

தெம்பு வரட்டும் என்றுதான் சொன்னேன். அது பொய்யல்ல. ஆனால் ஃபோனை வைத்துவிட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபோது, அதற்கு அடியில் இன்னொன்று கிடப்பது தெரிந்தது. பூசிவிட்டால் அவர் நிம்மதியாகப் போய்விடுவார், நானும் ஒரு இரவு முழுதாக நித்திரை கொள்ளலாம் என்ற எண்ணம். அது வந்த வேகத்தில் அதை மூடிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு என்மேலேயே சந்தேகம். நான் கேட்பது அவருடைய தெம்பையா, அவருடைய முடிவையா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

அவரிடம் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"நான் சாகேல்லை," என்றார்.

"சாகிறதுக்கு இல்லையப்பா."

"உன்ர கதை."

எங்கள் பங்குச் சுவாமியார் இளம் ஆள், மன்னார்ப் பக்கத்தவர், சிரிக்கச் சிரிக்கப் பேசும் பகிடிக்காரர். அவரிடம் போய், எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சும்மா கதைக்க வருவது போல வாருங்கள், நீங்கள் கதைத்தால் கேட்பார் என்றேன். புதன்கிழமை வருவதாகச் சொன்னார். வந்தார். கையில் அந்தப் பையும் இருந்தது. எங்கே போனாலும் அது அவர் கையில் இருக்கும். முதல் வெள்ளி அல்லாத நாள், அதிலும் பை என்பதை நான் யோசிக்கவில்லை. ஒழுங்கை யோசித்துவிட்டது.

உள்ளே நல்லபடிதான் போய்க்கொண்டிருந்தது. சுவாமியார் துறைமுகத்தைப் பற்றிக் கேட்டார், இவர் இரண்டு இரண்டு சொல்லாகப் பதில் சொன்னார். சிரிப்புக்கூட வந்தது. மெல்ல மெல்ல எண்ணெய்க்கு வந்தார்கள். தன் சொந்தத் தகப்பனுக்குத் தானே பூசியதாகவும், தகப்பன் இப்போதும் மன்னாரில் ஆடு மேய்த்துக்கொண்டு திரிவதாகவும் சுவாமியார் சொன்னார். இவர் "யோசிக்கிறன்" என்றார். நான் குசினிக்குள் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். போய்ப் பார்த்தால் சாவீடுகளுக்குக் கூடாரம், கதிரைகள் கொடுக்கும் எங்கள் பகுதி மரண உதவிச் சங்கத்தின் பொறுப்பாளர். கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற சிங்களக் கத்தோலிக்கர், தங்கமான மனிதர். வெள்ளைச் சேர்ட், நெஞ்சில் கோத்த கை, குனிந்த தலை. எப்போது நடந்தது என்று சிங்களத்தில் என்னிடம் இரகசியமாகக் கேட்டார். நான் விளங்காமல் விழித்தேன். கூடாரமும் கதிரைகளும் சனிக்கிழமை வேறொரு வீட்டுக்குப் போகவிருப்பதால், இப்போதே கொண்டுவந்து போட்டுவிடட்டுமா என்றார். எதிர்வீட்டு அக்கா அவருக்கு ஃபோன் பண்ணிவிட்டாள்.

எங்கள் வீட்டில் இரகசியம் பேச இடமில்லை. முன்கதவுக்கும் அவருடைய கட்டிலுக்கும் இடையில் ஒரு திரைச்சீலைதான். திரைக்குப் பின்னால் இருந்து, மூன்று வருடமாக நான் கேட்காத ஒரு சத்தம் சிங்களத்தில் வந்தது. தான் இன்னும் போகவில்லையாம், கதிரைகளை அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கே கொண்டு போகட்டுமாம். நாக்குத் தடித்த மனிதருக்கு அவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது. பொறுப்பாளர் வாசலிலேயே சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, என்னிடமும் மன்னிப்புக் கேட்டு, திரைச்சீலையிடமும் மன்னிப்புக் கேட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குசினிக்குள் ஓடித் துவாயை வாயில் வைத்து அடக்கினேன். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்தபோது சுவாமியார் பையை எடுத்துக்கொண்டு எழும்பியிருந்தார். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"பாத்தியா?" என்றார் என்னிடம், சுவரைப் பார்த்தபடியே. "எல்லாரும் ஆயத்தம்."

அதற்குப் பிறகு முதல் வெள்ளி நற்கருணையும் வேண்டாமென்றுவிட்டார். சுவாமியார் வந்தபோது போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தேன். சுவாமியார் போன பிறகு எல்லாவற்றையும் எடுத்து மடித்து வைத்தேன். எனக்கு அது பெரிய அடியாக இருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரே வாங்கிலில் இருந்து ஒன்றாக நற்கருணை வாங்கினவர்கள். அவரை ஆண்டவரிடம் கொண்டுபோகிறேன் என்று வெளிக்கிட்டு, இருந்ததையும் கெடுத்துவிட்டேன் என்று பட்டது.

அந்த வாரங்களில் நான் மிகவும் களைத்திருந்தேன். அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகும்போது கோயிலுக்குள் எட்டிப் பார்த்து, கடைசி வாங்கிலில் கொஞ்ச நேரம் இருப்பேன். செபம் சொல்லுவதில்லை. ஃபேன் சுத்துவதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். முன்பென்றால் இந்தக் கஷ்டம் எதற்காக, எந்தப் பாவத்துக்காக, எதைக் கற்றுத்தர என்று குடைந்திருப்பேன். இப்போது இது கொழும்பு வெக்கை மாதிரி இருந்தது. யாரையும் குறி வைத்து வருவதில்லை, எல்லோர் மேலேயும்தான் அடிக்கிறது. அந்த வெக்கைக்குள்ளே என் பக்கத்தில் யாரோ இருக்கிறார் என்று மட்டும் தோன்றும். சில நாட்களில் அதுவும் தோன்றாது. தோன்றாத நாளிலும் போய் இருந்துவிட்டு வந்தேன்.

ஒரு காலை, அவரைக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய நல்ல கையை என் கழுத்தில் போட்டு, அவருடைய இடுப்பில் நான் பிடித்து, "ஒண்டு, ரெண்டு" என்று எழுப்புவதுதான் எங்கள் முறை. எழுப்பினேன். அரைவாசியில் என் வலது முழங்கால் விட்டுவிட்டது. இருவரும் சரிந்து, மெல்ல மெல்லத்தான், நிலத்தில் இருந்துவிட்டோம். கட்டிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அவரைத் தூக்கவும் முடியவில்லை, நான் எழும்பவும் முடியவில்லை. ஃபோன் மேசைக்கு மேலே இருந்தது. எதிர்வீட்டு அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் அவளோடு சரியாகக் கதைப்பதும் இல்லை.

"நோகுதோ?" என்று கேட்டார்.

மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை நான்தான் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டதில்லை.

"இல்லை," என்றேன்.

"பொய்."

பிறகு நான் ஒன்றும் மறைக்கவில்லை. முழங்காலைச் சொன்னேன், முதுகைச் சொன்னேன், குனிந்து எழும்பும்போது கண் இருட்டுவதைச் சொன்னேன். "எனக்கு ஏலாதப்பா," என்றேன். அந்தச் சொல்லை நான் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கால்களும் அவருடைய கால்களும் நிலத்தில் வரிசையாக நீட்டிக் கிடந்தன. நாலும் கிழட்டுக் கால்கள்.

"நான் செத்தா," என்றார், "உனக்குச் சுகம்."

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். எந்த மனைவியும் அதைத்தான் சொல்லுவாள். எனக்கு இல்லை என்று சொல்லவும் களைப்பாக இருந்தது.

"சில நாள் அப்பிடியும் நினைச்சிருக்கிறன்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார்.

"நானும்," என்றார். "உனக்காக."

ஒழுங்கையில் மீன்காரரின் சத்தம் வந்தபோது நான் கூப்பிட்டேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்து, ஒரு மூட்டையைத் தூக்குவது போல இவரைத் தூக்கிக் கதிரையில் வைத்தார். பிறகு என்னையும் கைப்பிடித்து எழுப்பினார். இவர் கட்டியிருந்த சாரத்தில் மீன் செதில் ஒட்டிக்கொண்டது. போகும்போது ஒரு பிடி சூடை மீனையும் வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் சூடை மீன் சொதி வைத்தேன், முள்ளெடுத்து ஊட்டினேன். அவர் மறக்காமல் விழுங்கினார்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த நாளும் அதே கட்டில், அதே வாளித் தண்ணீர். ஆனால் எனக்குள் ஒன்று இறங்கியிருந்தது. என் மனதில் கிடந்ததை அவர் கேட்டுவிட்டார், கேட்டும் என் பக்கத்திலேயே இருந்தார். ஆண்டவரும் அதை முந்தியே கேட்டுத்தான் இருப்பார் என்று பட்டது. மாதக்கணக்காக நான் மூடி மூடி வைத்ததை, இருவருமே தெரிந்துகொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

அந்த மாத முடிவில் அவராகவே சொன்னார்: "வெள்ளிக்கிழமை சுவாமியை வரச்சொல்லு." நற்கருணைக்குத்தான் என்று நினைத்தேன். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தேன். மகளும் அரைநாள் லீவு எடுத்து வந்திருந்தாள்.

சுவாமியார் வந்தார். இவர் நற்கருணை வாங்கினார், நானும் மகளும் வாங்கினோம். சுவாமியார் எண்ணெயைப் பற்றி மூச்சுவிடவில்லை, அவருக்கும் அந்தப் புதன்கிழமை மறக்கவில்லை. பையை மூடப் போனபோது இவர் கேட்டார்:

"எண்ணெய் இருக்கோ, சுவாமி?"

"ஓம் ஐயா. எப்பவும் இருக்கும்."

இவர் நல்ல கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

"அவளுக்குப் பூசுங்கோ."

நான் சிரித்தேன். "எனக்கென்ன, எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை சுவாமி. இவருக்குத்தான்."

"முதல் அவளுக்கு," என்றார் இவர். "அவளுக்கு ஏலாது."

சுவாமியார் என்னைப் பார்த்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. வயதாலும் உழைப்பாலும் உடம்பு விழுந்தவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம் அம்மா, உங்களுக்கு விருப்பமோ என்று கேட்டார். மகள் கதவுப் பக்கம் போய் நின்று மூக்கைச் சிந்தினாள். நான் கையிலிருந்த துணியை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு தலையை ஆட்டிவிட்டு, என் கட்டிலின் ஓரத்தில் இருந்தேன்.

சுவாமியார் என் தலையில் கையை வைத்தார். அவர் சீசாவின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. நான் பயந்துவிட்டேன். உண்மையாகவே பயந்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை என்று இந்த மனிதருக்கு மாதக்கணக்காக ஓதியவள் நான். அந்த எண்ணெய் என் நெற்றிக்கு வரும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. சாகிற வரிசையில் அவர் நிற்கிறார், நான் துணைக்கு வந்தவள் என்றுதான் இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். நெற்றியில் பூசினார். கைகளை விரிக்கச் சொன்னார். விரித்தேன். டைப் அடித்து, துணி பிழிந்து, அவரைப் புரட்டி வெடித்துப்போன உள்ளங்கைகள் இரண்டிலும் பூசினார். எண்ணெய் இளஞ்சூடாக இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை.

கட்டிலில் இருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஆகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

"ஒண்டும் செய்யேல்லையே?" என்றார்.

"இல்லை."

"பயமோ?"

"ஓம்," என்றேன். "பயமாத்தான் இருந்தது."

அவருக்கு அது திருப்தியாக இருந்தது போல. தலையைச் சுவாமியார் பக்கம் திருப்பி நெற்றியைக் காட்டினார். பிறகு வலது கையைத் தானாகவே நீட்டினார். இடது கை போர்வைக்கு மேலே மூடிக் கிடந்தது. வாதம் விழுந்த நாளில் இருந்து அந்தக் கை இறுகிப் பொத்தியபடிதான் இருக்கிறது. சுவாமியார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நோகுமே என்று தயங்கினார். அதை நோகாமல் விரிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழும்பிப் போய், எண்ணெய் பூசிய என் கைகளாலேயே அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, பூசி முடியும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.